பேபி வெயிட் மெஷின், எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

மெஷினைப் பத்தி மொதல்ல சொல்லிடுறேன். 79 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பினாங்குல ஒரு பேபி ஷாப்ல வாங்குனது, கடை பேரும் பிராண்டு பேரும் வேணாம். வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, கொழந்தைய படுக்க வைக்கிறதுக்கு ரெண்டு ஓரமும் லேசா தூக்கி இருக்கும், 20 கிலோ வரைக்கும் காட்டும், பத்து பத்து கிராமா ஏறும், மூணு சின்ன பேட்டரி போடணும். நம்பர் பெருசா தெரியும், ராத்திரி லைட் போடாமலே படிக்கலாம். கெட்டியான தரையில வச்சாதான் சரியா காட்டும், பாய் மேலயோ பஞ்சு மேட் மேலயோ வச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டும், இது எந்த மெஷினுக்கும் அப்படித்தான்.

சரியா காட்டுதான்னு பாக்க கிச்சன்ல இருந்த 1 கிலோ சீனி பாக்கெட்ட வச்சுப் பாத்தேன், 1.01 காட்டுச்சு. மூணு தடவ எடுத்து எடுத்து வச்சேன், மூணு தடவையும் அதேதான். 5 கிலோ அரிசிப் பை 5.03. ரெண்டுலயும் பை எடையும் சேந்துதானே இருக்கு, அதனால மெஷின்ல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. சீனி பாக்கெட் அசையாம இருக்கும். என் மக இருக்க மாட்டா, பிரச்சனையே அங்கதான்.

ஏன் வாங்குனேன்னு சொல்றேன். பாப்பா பொறக்கும்போதே 2.7 கிலோதான், 13 மாசத்துல 7.6. சின்ன உருவம். நானும் வீட்டுக்காரரும் ஒண்ணும் ஆறடி ஆளுங்க இல்ல, ஆனா ஒரு கல்யாண வீட்டுல ஒரு பெரியம்மா பாப்பாவோட கைய புடிச்சுப் பாத்து "என்னம்மா வத்தலா இருக்கா, பால் பத்தலையா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. மறுநாள் கடைக்குப் போனா அங்க இருந்த சேல்ஸ் பொண்ணு "வாரா வாரம் ஏறணும்க்கா, ஏறலன்னா எதோ கொறை இருக்குன்னு அர்த்தம்"னு சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 79 வெள்ளி குடுத்தேன். அந்த வார்த்தை தப்பு, அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில நிறுக்கிறதுன்னு வச்சுக்கிட்டேன். படுக்க மாட்டா. உக்கார வச்சா எந்திரிச்சு நிப்பா, நின்னா ஆடுவா, மெஷின் நம்பர ஓட விட்டுக்கிட்டே இருக்கும், சட்டுனு ஒண்ணப் புடிச்சு நிறுத்திடும். 8.12. மறுபடி வச்சா 7.94. இன்னொரு தடவ 8.05. நான் மூணையும் டைரியில எழுதி நடுவுல உள்ளத எடுத்துக்குவேன். அவ அழ ஆரம்பிச்சா பிஸ்கட்ட கையில குடுத்து நிறுப்பேன், அப்புறம் பிஸ்கட் எத்தன கிராம்னு யோசிச்சுக்கிட்டு நிப்பேன்.

ஒரு நாள் காலையில கழட்டின பேம்பர்ஸ தூக்கும்போது கனமா இருந்துச்சு, சும்மா மெஷின்ல போட்டேன். 260 கிராம். காஞ்ச பேம்பர்ஸ் 30 கிராம்தான். அப்ப ராத்திரி இருந்த மூத்திரம் மட்டும் 230 கிராம். சரின்னு 180 மில்லி பால அளந்து ஊத்தி வச்சுப் பாத்தேன், பாட்டில் எடைய கழிச்சா 180க்கு கொஞ்சம் மேல. அப்பதான் உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு வயசுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள பிள்ளைங்க ஏறுறதே மொத்தமா ரெண்டு ரெண்டரை கிலோதான், மாசத்துக்கு சுமார் 200 கிராம், வாரத்துக்கு 50. நான் வாரா வாரம் தேடிக்கிட்டு இருந்தது அந்த 50 கிராம. ஒரு பாட்டில் பால் குடிச்சாளா இல்லையா, ஆய் போனாளா இல்லையாங்கிறதே நாலு வார வளர்ச்சிய மூடிடும். மெஷின் பொய் சொல்லல, அது காட்டுனது என் மகளோட வயித்துல அந்த நேரத்துக்கு என்ன இருந்துச்சுங்கிறத.

இது புரியுறதுக்கு முன்னாடி நான் பண்ணதுதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. நம்பர் ஏறாத வாரம் பால கூட்டுனேன். ஒரு நாளைக்கு 900 மில்லி வரைக்கும் போச்சு. பால்லயே வயிறு ரொம்பினா சோறு எப்படி எறங்கும். சோத்துல நெத்திலி, முட்டை, பருப்பு எல்லாம் பெசஞ்சு வச்சுக்கிட்டு பின்னாடியே ஓடுவேன், போன்ல கார்ட்டூன் போட்டு வாய தொறக்குறப்ப திணிப்பேன். கொஞ்ச நாள்ல ஸ்பூன பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்குவா, ரெண்டு கையையும் வாய் மேல வச்சு மூடிக்குவா. அத்தை ஒரு நாள் மெதுவாத்தான் சொன்னாங்க, "விடும்மா, இவ அப்பனும் இப்படித்தான், ஆறு வயசு வரைக்கும் ஈர்க்குச்சிதான்". எனக்கு அப்ப அது ஏறல.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு தூக்கிக்கிட்டு போனோம். வெயிலு, கூட்டம், தண்ணீர் பந்தல் பந்தலா நின்னு வந்தோம், வந்த ரெண்டாம் நாள் காய்ச்சல். நாலு நாள் ஒழுங்கா சாப்பிடல. போகும்போது 8.4, காய்ச்சல் விட்டப்ப 8.0. நானூறு கிராம், அதாவது ரெண்டு மாச வளர்ச்சி, நாலு நாள்ல காணாம போச்சு. நான் அழுதுட்டேன். பத்து நாள்ல 8.35க்கு தானா திரும்பி வந்துச்சு, நான் எதையும் திணிக்கல, திணிக்க எனக்கும் தெம்பு இல்ல, அவளா கேட்டு சாப்ட்டா.

அதுக்கப்புறம் 18 மாச ஊசிக்கு கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். அங்க உள்ள மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தவங்க, நம்ம தமிழ் ஆளு, வயசானவங்க. என் டைரிய காட்டுனேன். பொறுமையா பொரட்டிப் பாத்துட்டு ஓரமா வச்சுட்டு, பாப்பாவ பேம்பர்ஸ் கூட இல்லாம நிறுத்தாங்க, 8.5. அப்புறம் பலகையில படுக்க வச்சு கால நீட்டிப் புடிச்சு நீளம் அளந்தாங்க, 78 சென்டி. தலையச் சுத்தி டேப் போட்டாங்க. எல்லாத்தையும் கிளினிக் புக்குல உள்ள வளர்ச்சிக் கோட்டுல புள்ளியா வச்சு எனக்குத் திருப்பிக் காட்டுனாங்க. "12 மாசத்துல 72 சென்டி, இப்ப 78. ஆறு சென்டி வளந்திருக்கா. வளராத பிள்ளையா இது? எடைப் புள்ளிய பாருங்கம்மா, அப்ப எந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தாளோ இப்பவும் அதே ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான் இருக்கா."

எட்டு மாசத்துல எனக்கு ஒழுங்கா புரிஞ்ச மொத விஷயம் அதுதான். அந்தக் கோடெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்டது, ஆறு நாட்டுப் பிள்ளைங்கள அளந்து போட்டது, அதுல இந்தியாவும் ஒண்ணு. 18 மாசப் பொண்ணுக்கு நடுக்கோடு 10.2 கிலோ, கீழ உள்ள எச்சரிக்கைக் கோடு 8.1. நான் 10.2 மட்டும்தான் மண்டையில வச்சிருந்தேன். நடுக்கோடுன்னா பாதி பிள்ளைங்க அதுக்குக் கீழதான் இருப்பாங்கன்னு அர்த்தம், எல்லாரும் எட்டணும்னு இல்ல. தன் தடத்த விட்டு கோடு கோடா கீழ எறங்குனாதான் பாக்கணும். மிஸ்ஸி பால் கணக்கையும் கேட்டாங்க, 900ன்னதும் தலைய ஆட்டிட்டு, ஒரு வயசுக்கு மேல அரை லிட்டருக்குள்ள வச்சுக்குங்க, பால் மட்டும் அதிகமா போனா இரும்புச்சத்து கொறையும்னு சொல்லி டாக்டர்ட்ட அனுப்பி ரத்தம் டெஸ்ட் பண்ண வச்சாங்க. நல்லவேளை, சரியா இருந்துச்சு.

அதுக்காக எடையே பாக்காதீங்கன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. நம்ம மலேசியாவுல 2019 தேசிய சுகாதார ஆய்வுல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள்ல 21.8 விழுக்காடு வயசுக்கேத்த உயரம் இல்லாம இருந்தாங்க. அஞ்சுல ஒண்ணு. சின்ன உருவம்தான், பரம்பரைன்னு சொல்லி விட்டுடறதும் ஆபத்துதான். ஆனா அத கண்டுபிடிக்க எடையும் உயரமும் சேத்து, ஒரே மாதிரி அளந்து, மாசக்கணக்குல பாக்கணும், வீட்டுல ஞாயித்துக்கிழமை தனி எடைய வச்சு முடியாது. இங்கிலாந்துல ஒரு வயசு தாண்டுன நல்லா இருக்கிற பிள்ளைய மூணு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல நிறுக்க வேணாம்னே சொல்றாங்க. எனக்கு அது போதும்னு படுது.

குறைமாசத்துல பொறந்தது, இதயத்துல பிரச்சனை உள்ளது, டாக்டரே அடிக்கடி எடை பாத்து சொல்லச் சொன்னது, இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு இந்த மெஷின் தாராளமா வாங்கலாம், காசுக்கு மோசமில்ல. படுத்துக்கிடக்கிற பச்சப் பிள்ளைக்கு நம்பர் டக்குனு நிக்குது. ஓடி ஆடுற பிள்ளைக்கு வேணாம். அவசரத்துக்கு பாக்கணும்னா பெரியவங்க நிக்கிற ஸ்கேல்ல நீங்க தனியா நின்னு, அப்புறம் பிள்ளைய தூக்கிட்டு நின்னு கழிச்சுக்குங்க, நூறு கிராம் முன்னபின்ன இருக்கும், அந்த அளவுக்கு அது போதும். அதவிட பாக்க வேண்டியது வேற. மூத்திரம் ஒழுங்கா போறாளா, ஓடுறாளா, சட்டை கை நீளம் பத்தாம போகுதா. சோர்ந்து கெடந்தாலோ, மூத்திரம் கொறைஞ்சாலோ ஸ்கேல தேடாதீங்க, நேரா கிளினிக் போங்க.

மெஷினுக்கு நாலு ஸ்டார். ஆடுற பிள்ளைக்கு நம்பர அவசரமா புடிச்சு நிறுத்துறதுக்காக ஒண்ணு கொறைச்சேன். ஒரு வயசு தாண்டுன நல்லா இருக்கிற பிள்ளைக்கு வாங்கலாமான்னு கேட்டா, வேணாம்.

பாப்பாவுக்கு இப்ப 21 மாசம். பால் ரெண்டு வேளை, சோறு எங்க கூட தரையில உக்காந்து அவளே அள்ளி சாப்பிடுறா, பாதி கீழ போகுது. போன வாரம் ரசத்துல ஊற வச்ச சோறு மூணு வாய் தின்னுட்டு தட்ட தள்ளிட்டா, நானும் எடுத்துட்டேன், ராத்திரி கெம்போங் மீன் பொரிச்சதுல அரை மீன் தின்னா. கிளினிக்ல போன தடவ 9 கிலோ, அதே ரெண்டு கோட்டுக்கு நடுவுல. அடுத்து ரெண்டு வயசு செக்கப்புக்குத்தான் நிறுப்போம்.

மெஷின் இப்ப பிறைங்கிற ஊருல என் சித்தி மக வீட்டுல இருக்கு. அவ பையன் 32 வாரத்துல பொறந்தவன், டாக்டர் வாரா வாரம் நிறுத்து எழுதி வைக்கச் சொல்லியிருக்காரு. புது பேட்டரி போட்டு, சீனி பாக்கெட் வச்சு இன்னொரு தடவ சரிபாத்துட்டுத்தான் குடுத்தேன்.