மோட்டார் டெர்மினலில் நேரடி சால்டரா, புல்லட்டா?

ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்) கிளம்பும்போது விக்குகிறது, ஓடும்போது விட்டுவிட்டுத் துடிக்கிறது என்றால் உடனே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மோட்டாரின் பின்பக்கத்து டெர்மினல்களை, அதாவது வயர் பற்றவைக்கும் உலோக முனைகளைப் பாருங்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில் (உள்ளே கரி பிரஷ் இல்லாத வகை) மூன்று வயரில் ஒன்று விட்டுப்போனாலே இந்தக் கூத்துதான். வயரை விரலால் லேசாக ஆட்டும்போது சால்டரைச் சுற்றி முடியளவு விரிசல் ஒன்று திறந்து மூடினால் ஆளைப் பிடித்தாயிற்று.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஈஎஸ்சியிலிருந்து (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வரும் வயரையே திரும்பவும் டெர்மினலில் நேராகப் பற்றவைப்பது ஒன்று. டெர்மினலில் குட்டையாக ஒரு வயர் வைத்து, அதன் முனையில் 4 மி.மீ. புல்லட் கனெக்டர் (செருகிக் கழற்றக்கூடிய உருளை இணைப்பு) போடுவது இன்னொன்று. புது மோட்டார் வாங்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். டெர்மினலே பிய்ந்து கையோடு வந்தால் ஒழிய அந்தப் பேச்சு எதற்கு? என்னுடைய 13.5 டர்ன் (கம்பிச் சுற்று எண்ணிக்கை) சென்சார் மோட்டாருக்கு (சுழலும் பாகத்தின் நிலையை ஈஎஸ்சிக்குச் சொல்லும் வகை) நான் போட்டது புல்லட். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

பாதி வேலை இரண்டுக்கும் பொது. பழைய சால்டரைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, டெர்மினலுக்கும் வயருக்கும் தனித்தனியாகச் சால்டர் பூசி, அப்புறம் இரண்டையும் சேர்க்க வேண்டும். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள், செம்பை அரித்துவிடும். வீட்டில் கிடக்கும் 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. தடித்த வயர் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், சால்டர் இளகாமல் அடம்பிடிக்கும், நாம் அழுத்திக்கொண்டே நிற்போம். அதற்குள் சூடு மோட்டாருக்குள் இறங்கிவிடும். 60 வாட்டுக்கு மேல், அகல முனையுள்ள அயர்ன்தான் மோட்டாருக்குப் பத்திரம். சில விநாடியில் வேலை முடிந்துவிடும். ஈயம் கலந்த 60/40 சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஈயமில்லாத வகைக்கு 217க்கு மேல் வேண்டும். பழுதுபார்க்கும் வேலைக்கு நான் 60/40தான் எடுப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையைக் கழுவினால் சரி.

நேரடி சால்டரின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 12 கேஜ் (வயரின் தடிமன் அளவு) வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 5 மில்லி ஓம். நேரடியாக வைக்கும்போது வயரில் 5 செ.மீ. மிச்சம் பிடித்தால் கால் மில்லி ஓம் குறையும். 50 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரில் அரை வாட்டுக்குச் சற்று மேல் மிச்சம். 100 ஆம்பியரில் அதைப்போல் நான்கு மடங்கு. புல்லட் இணைப்பின் தடையும் இல்லாமல் போகும். பந்தயக்காரர்கள் நேரடி சால்டரை விடாததற்கு இதுதான் காரணம், எடை குறைவது கூடுதல் லாபம். மொட்டை மாடியிலும் மைதானத்திலும் ஓட்டும் என் போன்றவர்களுக்கு அந்த அரை வாட் கண்ணில் படப்போவதில்லை.

எனக்கு முடிவைச் சொன்ன விஷயம் வேறு: டெர்மினல் எத்தனை முறை சூடு தாங்கும் என்பது. பல சென்சார் மோட்டார்களில் டெர்மினல் பின்மூடிக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட் போர்டில்தான் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறை சூடு காட்டும்போதும் போர்டில் செம்புத் தகடு ஒட்டியிருக்கும் பிடி கொஞ்சம் தளரும். ஒருநாள் தகடு எழும்பிவிட்டால் அதற்கப்புறம் எந்தச் சால்டரும் நிற்காது. நேரடியாக வைத்தவர் மோட்டாரை மாற்றவோ ஈஎஸ்சியைக் கழற்றவோ நினைத்தால் மறுபடி அயர்னை எடுத்தாக வேண்டும். புல்லட் போட்டால் டெர்மினல் பார்க்கும் சூடு ஒரே ஒரு முறை.

வயர் எங்கே அறுகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. பெரும்பாலும் சால்டர் மேட்டில் அறுவதில்லை. உருகிய சால்டர் மெல்லிய இழைகளுக்குள் ஏறி, சிலிக்கான் உறைக்குள் சில மில்லிமீட்டர் வரை வயரை விறைக்க வைத்துவிடும். விறைப்பு முடிந்து வயர் மறுபடி நெகிழும் அந்த எல்லையில்தான், அதிர்வு தாங்காமல் இழைகள் ஒவ்வொன்றாக அறும். நேரடி சால்டரில் அந்த எல்லை டெர்மினலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புல்லட் போட்டு, குட்டை வயரை மோட்டார் உடம்போடு ஜிப் டை போட்டுக் கட்டிவிட்டால், அசைவெல்லாம் ஈஎஸ்சி பக்கத்து வயருக்குப் போய்விடும். அங்கே அறுந்தால் புல்லட்டை மட்டும் மாற்றினால் போதும், மோட்டாரைத் தொடவே வேண்டாம். கட்டாமல் தொங்க விட்டால் புல்லட்டின் எடையே டெர்மினலை ஆட்டும், ஜாக்கிரதை.

புல்லட்டுக்கும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. அதன் ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளரும். ஓட்டி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். பக்கத்து வயரைவிடப் புல்லட் சூடாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சென்சார் மோட்டாரில் மூன்று வயர்களின் ஏ, பி, சி வரிசை மாறவே கூடாது. நேரடி சால்டரில் ஒருமுறை சரியாக வைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது; புல்லட்டில் ஒவ்வொரு முறை செருகும்போதும் மாறிப்போக வாய்ப்பிருக்கிறது. மூன்று நிற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டுவிடுங்கள். சென்சார் இல்லாத மோட்டாரில் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் சுழலும் திசை மாறும், அவ்வளவே.

4.5 டர்ன் போன்ற முரட்டு மோட்டார்களை நான் ஓட்டியதில்லை. அங்கே மின்னோட்டம் மிக அதிகம் என்பதால் 4 மி.மீ. புல்லட்டை நம்பி நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்டுபவர்கள் கணக்கும் வேறாக இருக்கலாம். என் வண்டி காய்ந்த தரையை விட்டு இறங்காது.

பழைய பிரஷ் மோட்டார் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் பின்மூடி இளகினால் பிரஷ் கோணலாகிவிடும். 104 என்று எழுதிய குட்டிக் கெப்பாசிட்டர்களும் அதே டெர்மினலில்தான் இருக்கும், வயரைக் கழற்றும்போது அவையும் சேர்ந்து வந்துவிடும்.

புல்லட் என்று முடிவானால் ஆண் முனையை மோட்டார் பக்கமும் பெண் முனையை ஈஎஸ்சி பக்கமும் வையுங்கள். ஹீட் ஷ்ரிங்க் பெண் முனையின் வாய்வரை மூட வேண்டும். மோட்டாரைக் கழற்றிய நிலையில் யாராவது பேட்டரியைச் செருகிவிட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகம் ஈஎஸ்சி பக்கம் இருக்கக் கூடாது.