பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: 16,900 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

செகண்ட்ஹேண்ட் கார் வாங்கப் போனால், விலையெல்லாம் பேசி முடித்து அட்வான்ஸ் கட்டும் நேரத்தில்தான் இந்தப் பேச்சை எடுப்பார்கள். "சார், ஒரு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா? எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் கவர் ஆயிடும்." வேண்டாம் என்றால் பின்னால் வருத்தப்படுவோமோ என்று இருக்கும். சரி என்றால் பணம் வீணாகுமோ என்று இருக்கும். மகளுக்காக வாங்கிய காருக்கு நாங்கள் அதை எடுத்தோம். வருடமும் முடிந்துவிட்டது. எடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

கார் 2018 மாடல், பெட்ரோல், ஏஎம்டி, அதாவது தானே மாறும் கியர் வைத்த சின்ன வண்டி. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. விலை 4,35,000 ரூபாய். மகளுக்கு வேலை சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில். பெரம்பூரிலிருந்து அந்த நெரிசலில் தினம் போய்வர, கிளட்ச் மிதிக்காத வண்டிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தாள். 2014-ல் மாருதி செலேரியோவோடு ஏஎம்டி இங்கே வந்தது என்பதால், இப்போது பழைய கார் கடைகளில் அந்த வகை நிறையக் கிடைக்கிறது. வாரண்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 16,900 ரூபாய். நூறடிச் சாலைப் பக்கம் இருக்கும் பெரிய கடை. வாரண்டி அவர்களுடைய சொந்தத் திட்டம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரித் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பதுதான் வாங்குகிறவருக்குத் தேவை.

நான் முதலில் கேட்டது விதிமுறைப் பேப்பரை. "பணம் கட்டினதும் மெயில்ல வந்துடும் சார்" என்றார் விற்பனைக்கு இருந்த தம்பி. "வந்த பிறகு கட்டுறோம் தம்பி, அவசரமில்லை" என்றேன். சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சமே படக்கூடாது. கையில் கொடுக்கும் வழுவழு பிரோஷரில் எஞ்சின் படமும் பச்சை டிக் அடையாளமும் இருக்கும். எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்பது விதிமுறைப் பேப்பரில்தான் இருக்கிறது. கடையில் வாயால் சொன்னது எதுவும் கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

நான் பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயில் பெட்டிகளை முறை வைத்துப் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி அனுப்புகிற இடம் அது. ஒரு பாகம் தேய்ந்துபோவது வேறு, திடீரென்று பழுதாவது வேறு என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் கற்றுக்கொள்கிற பாடம். வாரண்டி இரண்டாவதற்கு மட்டும்தான். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, வைப்பர், சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், பெல்ட், ஹோஸ், பல்ப் எல்லாம் தேய்மானக் கணக்கு. எதற்கும் காசு வராது. எஞ்சின் ஆயில், கூலண்ட், ஏசி கேஸ் வராது. துருவுக்கு வராது; கடற்கரை ஓரத்தில் வண்டி நிறுத்துகிற திருவான்மியூர், எண்ணூர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏழெட்டு வருடக் கார் நம்மிடம் கேட்கிற அன்றாடச் செலவெல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. வாரண்டி எடுத்துவிட்டால் செலவே வராது என்று நம்பி எடுக்கிறவர்கள் இங்கேதான் மனம் நொந்துபோகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. தேயாமல் திடீரென்று போகக்கூடிய விலை அதிகமான பாகங்கள் இந்த வண்டியில் எவை? அவற்றின் பெயர் பேப்பரில் எழுத்தில் இருக்கிறதா?

எங்கள் காரில் அப்படி மூன்று தெரிந்தன: ஏசி கம்ப்ரஸர், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், ஏஎம்டி ஆக்சுவேட்டர். ஏஎம்டி என்பது அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் காலும் கையும் செய்கிற வேலையை, அதாவது கிளட்சை அழுத்தி கியரை மாற்றுவதை, ஆக்சுவேட்டர் செய்கிறது. மூலக்கடையில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் கேட்டேன். "சார், அது போச்சுன்னா நாப்பதாயிரத்துக்குக் கீழ வராது. மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன், அது மட்டும் கம்பெனி சர்வீஸ்லதான்" என்றார். பேப்பரைப் புரட்டினால் ஆக்சுவேட்டர் பெயர் தெளிவாக இருந்தது. அதற்காகவே எடுத்தோம்.

மே மாத வெயிலில் ஏசி நின்றது. ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தோம், அம்பத்தூரில் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னார்கள். எஸ்டிமேட், போட்டோ, பழைய சர்வீஸ் பில் எல்லாம் போன பிறகு, கம்ப்ரஸருக்கும் அதன் லேபருக்கும் அப்ரூவல் வந்தது. கேஸ், ஆயில், இன்னும் சில சில்லறைச் சாமான்களுக்கு 4,300 ரூபாய் நாங்கள் கட்டினோம். மொத்த பில் 23,000. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்டோபரில் நடந்தது வேறு கதை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நியூட்ரலில் நின்றுவிட்டது. கியர் விழவே இல்லை. இன்ஷூரன்ஸில் ரோட் சைட் அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்ததால் டோவிங் செலவு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். பழுது கவர் ஆகாத பாகத்தில் என்றால் பிரித்து மாட்டும் கூலி உங்களுடையது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். பிரித்தபோது கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருந்தது. உடனே வாரண்டி கொடுத்த கடை, "பிளேட் தேய்ந்ததால்தான் ஆக்சுவேட்டர் போனது, எல்லாமே தேய்மானம்" என்று மறுத்துவிட்டது.

என் மகள் இங்கே நிதானம் இழக்கவில்லை. எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள், அதன் எண் என்ன, எழுத்தில் கொடுங்கள் என்று மெயில் போட்டாள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஆக்சுவேட்டருக்கு உரிய பழுதுக் குறியீடு தனியாக வந்திருந்தது. ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் அதை ஜாப் கார்டிலேயே எழுதிக் கொடுத்தார், நேர்மையான மனிதர். அதை இணைத்து அனுப்பிய பிறகு ஆக்சுவேட்டருக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த பில் 41,000 ரூபாய். கிளட்ச் செட்டுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் எங்கள் கையிலிருந்து போனது. இதெல்லாம் முடிய இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி அங்கேயே நின்றது. மாற்று வண்டி தரும் ஏற்பாடு திட்டத்தில் இல்லை. அவள் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி வேலைக்குப் போய்வந்தாள்.

வாதமெல்லாம் தேய்மானமா பழுதா என்ற எல்லைக்கோட்டில்தான் நடக்கும். அங்கே நமக்குத் துணை காகிதம் மட்டும்தான். சர்வீஸ் பில் எல்லாவற்றையும் வைத்திருங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்குள் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி; முதல் போனிலேயே அதைத்தான் கேட்டார்கள். பாயிடம் ஆயில் மாற்றினால் குறைவான காசில் முடியும், ஆனால் வாரண்டி போய்விடும். அந்தக் கூடுதல் சர்வீஸ் செலவையும் வாரண்டியின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆர்.சி. பெயர் மாற்றமும் அப்படித்தான். ஃபார்ம் 29, 30 கொடுத்து ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்ததா என்று அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் பார்த்துக்கொண்டே இருங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு முக்கியமானது வெள்ளம். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒரு பைசா தராது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ்கூட, தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் அடைத்துக்கொண்டால் கைவிரித்துவிடும். எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்தப் பயம் நியாயமானது. அதனால் வாரண்டிப் பேச்சுக்கு முன்னாலேயே, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட் தண்டவாளத்திலும் ஸ்டெப்னி குழியிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே இருந்த பழுது என்று பின்னால் சொல்லிவிட்டால் எந்தப் பேப்பரும் உதவாது.

வாரண்டியை யார் தருகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. கார் கம்பெனியே தரும் எக்ஸ்டெண்டட் வாரண்டி மீதம் இருந்தால் அதுதான் நல்லது. வண்டியோடு அடுத்த உரிமையாளருக்கும் வரும், ஊரெங்கும் அவர்கள் சர்வீஸ் சென்டரில் செல்லும். மாருதி 2024 ஜூலையில் புதுக் கார்களின் அடிப்படை வாரண்டியையே 2 வருடம் 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 வருடம் 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு விற்ற வண்டி கைமாறி வந்தால், சேஸிஸ் நம்பரைச் சொல்லி மீதம் எவ்வளவு என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இருக்கிற வாரண்டிக்கு மேல் இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. மாருதியின் பழைய கார் கடையான ட்ரூ வேல்யூவில் சான்றளித்த கார்களுக்கு ஒரு வருடம் வரை வாரண்டியும் மூன்று இலவச சர்வீஸும் விலையிலேயே வருகின்றன. கடையின் சொந்தத் திட்டம் என்றால் அது இன்ஷூரன்ஸ் அல்ல, அந்தக் கடை கொடுக்கும் வாக்கு. கடை மூடினால் வாக்கும் போகும். பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏதாவது நிற்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாப்பிள்ளையின் தம்பி 2019 மாடல் மேனுவல் பெட்ரோல் கார் வாங்கினபோது என்னிடம் கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். டர்போ இல்லை, ஆட்டோமேட்டிக் இல்லை. ஸ்பேர் எல்லா இடத்திலும் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழைய பாகம்கூட அகப்படும். அந்தப் பணத்தை ஆர்.டி.யில் போடச் சொன்னேன். அதே நேரம் டர்போ டீசல், அல்லது சிவிடி, டூயல் கிளட்ச் போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டி என்றால் தயங்காமல் எடுக்கச் சொல்வேன், அதிலும் கார் கம்பெனியின் திட்டம் கிடைத்தால். ஒரு டூயல் கிளட்ச் பெட்டியின் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும்.

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எங்களுக்கு அதுவரை போகவில்லை. எழுத்தில் பதில் கேட்டதே போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் புதுப்பிக்க 21,000 கேட்டார்கள். கார் விலை குறைந்துவிட்டதால் மொத்த கிளெய்ம் வரம்பையும் குறைத்திருந்தார்கள். கம்ப்ரஸரும் ஆக்சுவேட்டரும் இப்போதுதான் மாறியவை. நான் பயந்த மூன்றில் மீதம் ஸ்டியரிங் ஒன்றுதான், அதற்காக 21,000 கொடுப்பது அதிகம் என்று மகளிடம் சொன்னேன்; அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இன்ஷூரன்ஸில் எஞ்சின் ப்ரொடெக்ட் சேர்த்துவிட்டோம். மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வே பக்கம் போய்வருகிறவர்களுக்கு அது அவசியம்.