டிசம்பர் மிஷன் டிரிப்: அடுப்படிக்கு முழு மதிப்பெண், மேடைக்குப் பாதி

சென்னையில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியம் டிசம்பர்தோறும் திருநெல்வேலிப் பக்கம் மிஷன் டிரிப் அழைத்துப் போகிறது. அங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். ஆளுக்கு 4,800 ரூபாய். நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை வசதி, ஊரில் வேன், தங்குமிடம், சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாம் இதற்குள் அடக்கம். நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊழியத்துக்குக் கொடுத்த பணமானாலும் எது எங்கே போனது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேட்டதும் முகம் சுளிக்காமல் கணக்கை எழுதிக் காட்டினார்கள், அதற்குப் பாராட்டு. ஆனால் பேனருக்கும் புகைப்படக்காரருக்கும் போன தொகை, பரிசுகளுக்குப் போனதைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு நின்றது. அங்கேயே எனக்கு உறுத்தியது.

ரயிலில் குறையொன்றும் இல்லை. தங்கியது ஒரு பள்ளி விடுதி. வெந்நீர் கிடையாது, கொசு தாராளமாக உண்டு. போர்வையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காலையில் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் ஆலயத்தைக் காட்டினார்கள். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல் எழும்பிய ஆலயம். வேன் நின்ற நேரத்தைவிட நாங்கள் ஏறி இறங்கிய நேரம் அதிகம்.

இல்லத்துக்குப் போன நேரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிசம்பர் மூன்றாம் வாரம் என்றால் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு. இது தமிழ்நாட்டில் பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். திட்டம் போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தார்கள். உடனே நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும் என்று எங்கள் தம்பிகள் துடித்தார்கள். மத்தியானம் வரை படிக்கட்டும், திங்கட்கிழமை பரீட்சை என்று காப்பாளர் அசையாமல் சொல்லிவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

இப்படிக் கிடைத்த இடைவெளிதான் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி. சும்மா நின்ற எங்களைச் சமையல்கார அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டார். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்கிறார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பண்டிகைக்கு அச்சு முறுக்கு சுட வேண்டும், கை போதவில்லை என்றார். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள். அச்சை எண்ணெயிலேயே வைத்து நன்றாகக் காயவிட்டு, மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். விளிம்பு மூழ்கிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழன்று வராது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் முதலில் சுட்டதெல்லாம் அச்சோடு ஒட்டிக்கொண்டு கருகியது. “விடுங்க அண்ணே, உடைஞ்சது எங்களுக்கு” என்று ஜன்னலில் ஒரு கை நீண்டது. பிறகு புத்தகத்தோடு ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்ததைப் பெரியம்மா கவனிக்காததுபோல் இருந்துகொண்டார்.

மத்தியானம், சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்து போலவே பந்தி. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பின் ருசிக்காக மட்டுமே இன்னொரு முறை போகலாம்.

பிறகு மேடை. எங்கள் பக்கத்துப் பேச்சுகளை நான் பாதியில் விட்டுவிட்டேன். பிள்ளைகள் எழுந்து போக முடியாது, பாவம். அவர்களே போட்ட கிறிஸ்து பிறப்பு நாடகம்தான் நிகழ்ச்சியைக் காப்பாற்றியது. சத்திரக்காரனாக வந்த பையன், இடம் கேட்ட யோசேப்பிடம் ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னான். “பேர் பதியத்தானே ஊருக்கு வந்திருக்கோம், அதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?” என்றான் யோசேப்பு. குடிமதிப்பில் பேர் எழுத யோசேப்பு ஊருக்குப் போனதைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் எங்கள் வேனில் யாரும் இல்லை.

பரிசுப்பொட்டலம் சுமார்தான். எல்லோருக்கும் ஒரே ஜியாமெட்ரி பாக்ஸ், ஒரு கேக் துண்டு. காப்பாளர் அறையில் அலமாரி திறந்திருந்தது. உள்ளே வேறு யாரோ கொடுத்த ஜியாமெட்ரி பாக்ஸ்கள் அடுக்கடுக்காக. அந்த வாரத்தில் அது மூன்றாவது கேக்காம். டிசம்பரில் சபைகள், கல்லூரிகள், சங்கங்கள் எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப்புத்தகத்துக்கும் செருப்புக்கும் ஆள் தேட வேண்டியிருக்கிறது என்றார் அவர். கிளம்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கக்கூடிய விஷயம்.

புகைப்படக்காரர் பிள்ளைகளைப் பொட்டலத்தோடு வரிசையாக நிறுத்தத் தொடங்கியதும் காப்பாளர் குறுக்கே வந்தார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் படத்தையோ, அடையாளம் தெரியும்படியான விவரத்தையோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேமரா கீழே இறங்கியது. பிறகு பேனருக்கு முன்னால் எங்களை மட்டும் நிற்க வைத்து எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பேனரில் ‘அநாதைக் குழந்தைகளுடன் கிறிஸ்துமஸ்’ என்று கொட்டை எழுத்து. என் பக்கத்தில் நின்ற பையன் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, தன் அம்மா பீடி சுற்றுகிறார், பண்டிகைக்குக் கூட்டிப்போக வருவார் என்றான். இப்படி அம்மாவோ அப்பாவோ இருந்தும், வறுமையாலும் படிப்புக்காகவும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். பேனர் அடித்தவர்கள் அதையும் விசாரித்திருக்கலாம்.

இந்தப் படப்பிடிப்பில் பொழுது சாய்ந்து, பட்டியலில் இருந்த டோனாவூர் கைவிட்டுப் போனது. நான் பணம் கட்டியதே பாதி அதற்காகத்தான். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இலிருந்து பிள்ளைகளை வைத்து வளர்த்த ஊர். 1951இல் காலமாகும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தன் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாம் என்று சொன்னவர். பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றைத்தான் அங்கே வைத்தார்கள். அவர் ஊரைப் பேனருக்காகத் தவறவிட்டோம் என்பதை ரயிலில் சொன்னபோது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் அக்கா என்றார்கள்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். அந்த மூன்றும் காப்பாளருக்கும் பெரியம்மாவுக்கும் நாடகக்காரர்களுக்கும். நடத்தும் தம்பிகள் நல்லவர்கள்தான்; கணக்கில் சுத்தம், பேச்சில் மரியாதை. இதே இல்லத்துக்கு ஜூன் முதல் வாரம் ஒரு பயணம் போடுங்கள், பேனர் இல்லாமல் 4,800 கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிசம்பரிலேயே போக விரும்புகிறவர்கள் தேர்வு அட்டவணையைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்காவிட்டால் மேல் படுக்கைதான்.