கிராமத்துக் குழந்தைக்கு எது சரி: மையமா, பக்கத்து வீடா, பெற்றோர் கூடி நடத்துவதா?

கிராமத்தில் சின்னக் குழந்தையை எங்கே விடுவது என்று பேச்செடுத்தாலே பாடத்திட்டம், பொம்மை, கட்டிடம் என்று போய்விடுகிறோம். நான் முதலில் கேட்பது இரண்டுதான். எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு மூடுவார்கள்? மூன்று வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள், எறும்பு வரிசையைக் கண்டால் உட்கார்ந்துவிடும், கல் பொறுக்கும், பாதி வழியில் தூக்கச் சொல்லும். நமக்குக் கால் மணி நேர நடை, அதற்கு முக்கால் மணி நேரம். மழை என்றால் அன்றைக்குப் போவதே இல்லை.

அங்கன்வாடி போன்ற மையத்தில் நல்லது நிறைய இருக்கிறது. பயிற்சி பெற்றவர் ஒருவர் இருப்பார், ஒத்த வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், சாப்பாடும் எடை பார்ப்பதும் தடுப்பூசியும் அங்கேயே நடந்துவிடும். இந்தியா 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்த எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் மையம் வைக்கத் தலைக்கணக்கு வேண்டும். அங்கன்வாடிக்கே பொதுவான அளவு 400 முதல் 800 பேருக்கு ஒன்று. வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் இடத்தில் அந்தக் கணக்குக்குள் வருகிற பாதிப் பேருக்கு மையம் எட்டாத தூரத்தில் போய்விடும். அப்புறம் நேரம். வயல் வேலை மதியத்தோடு முடிவதில்லை, பல மையங்கள் மதியத்தோடு மூடிவிடும். மீதி நேரத்துக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்கா பள்ளிக்கு மட்டம் போடுகிறாள், அந்த நஷ்டத்தை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பக்கத்து வீட்டில் விடுவது இந்த இரண்டையும் தீர்க்கிறது. கொலம்பியாவில் 1986-ல் தொடங்கிய திட்டத்தில் ஒரு தாய் தன் வீட்டிலேயே 12 முதல் 15 குழந்தைகள் வரை பார்த்துக்கொண்டார். நடக்கிற தூரம், தெரிந்த முகம், வேலைக்குப் போகிறவருக்கு ஏற்ற நேரம். விலை உயர்ந்த பொம்மை இல்லை என்பதை நான் குறையாகவே சொல்லமாட்டேன். ஒரு தட்டில் கலந்து கிடக்கும் விதைகளைப் பெரியது சிறியது என்று பிரித்து, எண்ணி, கீழே கொட்டி, மறுபடியும் பொறுக்கும் நான்கு வயதுப் பிள்ளை கணக்குத்தான் படிக்கிறது. குறை வேறு இடத்தில். பதினைந்து பேருக்கு ஒரே ஆள், அதில் ஒன்று தவழ்கிற குழந்தை, அதன் பின்னாலேயே ஓடினால் நான்கு வயதுப் பிள்ளையின் "ஏன்?" பதில் இல்லாமல் போகும். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் எல்லோருக்கும் லீவு. சம்பளமும் கேவலமாக இருந்தால் எத்தனை வருஷம் நீடிப்பார்?

பெற்றோரே சேர்ந்து நடத்துவதற்கு நியூசிலாந்தில் 1941 முதல் வழக்கம் உண்டு, கியூபாவில் 1992-ல் மையம் எட்டாத குடும்பங்களுக்கு வீட்டிலேயே கற்பிக்க வழிகாட்டும் திட்டம் வந்தது. ஆள் குறைவான இடத்துக்கு அருமையான வழி. ஆனால் பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும், அதனால் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இது மட்டும் போதாது.

அமெரிக்காவில் 1962-ல் தொடங்கிய பெர்ரி ஆய்வை மையத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவார்கள்; 123 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, பாலர் பள்ளிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடப் பிற்காலத்தில் நன்றாக இருந்ததாகக் காட்டிய ஆய்வு அது. அந்த ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள், ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய ஆறு பிள்ளைகள்தான். கட்டிடத்தை மட்டும் காப்பியடித்தால் அந்தப் பலன் எப்படிக் கிடைக்கும்?

என் முடிவு இதுதான்: மூன்று வயது வரை பக்கத்து வீடு, ஆளுக்கு ஐந்தாறு குழந்தைக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் மையம், நடக்கிற தூரத்தில் இருந்தால், அல்லது வண்டி வந்தால். சிதறிக் கிடக்கும் ஊரில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், புதுக் கட்டிடத்தை விட்டுவிட்டு வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ஒழுங்கான சம்பளமும், வாரம் ஒருமுறை வந்து போகும் ஆசிரியரும் கேட்பேன். நாளைக்கே முடிவெடுக்க வேண்டியவர்கள், எதுவாக இருந்தாலும் காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் நின்று பாருங்கள். பார்த்துக்கொள்பவர் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கிறாரா, தூரத்தில் நின்று "சும்மா இரு" என்கிறாரா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.