ஃபர்ம்வேர் வாசிக்கும் லைப்ரரி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கணினியின் தொடர் எண், மதர்போர்டு பெயர், பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருந்து கணினியைத் துவக்கும் ஃபர்ம்வேர் மென்பொருள்) பதிப்பு எல்லாவற்றையும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே மாதிரி எடுத்துத் தரும் என்று விற்கப்பட்ட ஒரு லைப்ரரியை (நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பை) எங்கள் குழு விலை கொடுத்து வாங்கியது. "ஃபர்ம்வேரிலிருந்தே நேரடியாக வாசிக்கிறோம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்.

எங்கள் மென்பொருளின் உரிமம் கணினியின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. வெவ்வேறு வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரே எண் வரத் தொடங்கியதும் லைப்ரரியைப் பிரித்துப் பார்த்தோம்.

லினக்ஸில் அது டிஎம்ஐடிகோடு என்ற கருவியை ஓட்டி, வரும் எழுத்துகளைப் பொறுக்குகிறது, அவ்வளவுதான். கணினியின் விவரங்களை ஃபர்ம்வேர் எழுதிவைக்கும் எஸ்எம்பயாஸ் அட்டவணையை, இயங்குதளத்தின் மையமான கெர்னலே கோப்பாகத் தருகிறது. ஆனால் தொடர் எண்ணையும் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணையும், முழு அதிகாரம் உள்ள ரூட் பயனர் மட்டுமே படிக்க முடியும். நேர்மையான லைப்ரரி "அனுமதி இல்லை" என்று சொல்லும். இதுவோ ஹோஸ்ட்நேமை, அதாவது கணினிக்கு வைத்த பெயரை, ஹாஷ் செய்து (கணக்கிட்டு ஓர் எண்ணாக மாற்றி), தொடர் எண் என்று நீட்டுகிறது! கணினியின் பெயரை மாற்றினால் உரிமம் செத்துவிடும்.

விண்டோஸில் கணினி விவரங்களைக் கேட்கும் டபிள்யூமிக் கட்டளையைக் கூப்பிடுகிறது. மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்ட அந்தக் கட்டளை, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் இயல்பாக இருப்பதில்லை. இத்தனைக்கும் கெட்சிஸ்டம்ஃபர்ம்வேர்டேபிள் என்ற செயற்கூறு முழு அட்டவணையையும் நிர்வாகி அனுமதிகூட இல்லாமல் தருகிறது. அதை இவர்கள் தொடவே இல்லை.

2020-இல் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் எஸ்எம்பயாஸே கிடையாது. தொடர் எண்ணை ஐஓகிட் என்ற ஆப்பிளின் வன்பொருள் இடைமுகம் வழியாகத்தான் கேட்க வேண்டும். இந்த லைப்ரரி அங்கும் ஒரு பயாஸ் பதிப்பு எண்ணைக் காட்டுகிறது. எங்கிருந்து பிடித்தார்களோ!

புகார் செய்தோம். மதர்போர்டு தயாரிப்பாளர்கள் மேல் பழி போட்டார்கள். பாதி உண்மைதான்: தொடர் எண் இருக்க வேண்டிய இடத்தில் "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்." என்ற நிரப்பு வாசகத்தோடு விற்பனைக்கு வரும் போர்டுகள் நிறைய. அதை வெற்றிடமாகக் கொள்வதுதான் முறை. இவர்கள் அதையும் ஹாஷ் செய்திருந்தார்கள். எண்கள் ஒன்றானது அதனால்தான்.

இப்படி எதையும் வாங்கும் முன், ரூட் அல்லாத பயனராகவும், ஒரு மெய்நிகர் கணினியிலும், எம் சிப் மேக்கிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் பிழையே காட்டாமல் அழகான எண் வந்தால் விலகிவிடுங்கள்.

பணம் திரும்பி வரவில்லை. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டதாக எழுதினார்கள். இறக்கிப் பார்த்தோம்: ஹோஸ்ட்நேமோடு இப்போது பயனர் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்கிறார்கள்.