இ.எம்.டி. பயிற்சி: ரெஸ்க்யூ ஸ்குவாடா, காலேஜா, மூன்று வார வகுப்பா?

அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் அடிப்படை அவசர சிகிச்சை தரும் இ.எம்.டி. ஆக மூன்று வழிகள் பரவலாக உண்டு. ஊரில் ஆம்புலன்ஸ் சேவை நடத்தும் தன்னார்வ மீட்புக் குழுவான ரெஸ்க்யூ ஸ்குவாடில் சேர்ந்து கட்டணமில்லாமல் படிக்கலாம். கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் படிக்கலாம். தனியார் நடத்தும் இரண்டு முதல் நான்கு வார முழுநேர வகுப்பிலும் சேரலாம். பாடத்திட்டம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 150 முதல் 190 மணி நேரம். பெரும்பாலான மாநிலங்களில் தேர்வும் ஒன்றே: இ.எம்.டி.களுக்குச் சான்றளிக்கும் தேசிய அமைப்பான நேஷனல் ரெஜிஸ்ட்ரியின் கணினித் தேர்வு, 70 முதல் 120 கேள்விகள், 2 மணி நேரம். எந்த வழியில் வந்தாலும் கையில் கிடைக்கும் சான்றிதழ் ஒன்று என்பதால், அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் ‘இலவசம்’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலேஜிலோ தனியாரிடமோ செலவு பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர் வரை ஆகும். ஸ்குவாடில் அது இல்லை. பதிலுக்கு வாரம் ஒரு 12 மணி நேர ஷிஃப்ட் என ஓராண்டு உழைக்கச் சொன்னால் 624 மணி நேரம் போகும். 1,500 டாலரை மிச்சப்படுத்த அத்தனை நேரம் கொடுத்தால் மணிக்கு இரண்டரை டாலர்கூடத் தேறாது. பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு. பணத்தை மட்டும் நினைத்து ஸ்குவாடுக்குப் போகாதீர்கள்.

ஸ்குவாடில் படிப்பவரின் கட்டணத்துக்குப் பொதுமக்கள் பணம்தான் கைகொடுக்கிறது. வர்ஜீனியாவின் ரோனோக்கில் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் 1928இல் தொடங்கிய குழுவிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் தன்னார்வ ஸ்குவாட் மரபு. சிறுவயதில் ஆற்றில் இருவர் மூழ்கியதை, காப்பாற்ற வழியின்றிப் பார்த்து நின்றவர் அவர். இன்று வர்ஜீனியாவில் வாகனப் பதிவோடு வசூலிக்கும் சிறு தொகையும், நியூ ஜெர்சியில் போக்குவரத்து அபராதத்தோடு சேரும் 50 சென்ட்டும் இந்தப் பயிற்சிக்கு உதவுகின்றன.

சரி, 624 மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது? நோயாளிகள். வகுப்பில் பத்து நோயாளிகளைப் பரிசோதித்தால் போதும் என்பதே வழக்கமான குறைந்தபட்ச அளவு. அந்தப் பத்துப் பேரின் அனுபவத்தோடு மட்டும் உரிமம் வாங்கியவருக்கு, மூச்சுத் திணறும் ஒருவரைக் குறுகலான மாடிப்படியில் இறக்கும்போது கை ஓடாது. ஸ்குவாடில் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று, ‘இவரைத் தனியாக விடலாம்’ என்று கையெழுத்துப் போடும்வரை நீங்கள் வண்டியில் கூடுதலாக வரும் மூன்றாம் ஆள்தான். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். எரிச்சலாக இருக்கும், ஆனால் உண்மையான படிப்பு அங்கேதான் நடக்கிறது.

ஓர் உதாரணம். ஷிஃப்ட் தொடங்கியதும் ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்க்கிறீர்கள். கையில் தூக்கிப் போகும் டி அளவு சிலிண்டரில் அழுத்தம் 2,000 பி.எஸ்.ஐ. இருந்தால், கையிருப்பாக விட வேண்டிய 200ஐக் கழித்து, அந்த அளவு சிலிண்டருக்கான எண்ணான 0.16ஆல் பெருக்கி, நோயாளிக்குக் கொடுக்கும் வேகமான நிமிடத்துக்கு 15 லிட்டரால் வகுக்க வேண்டும். 19 நிமிடம் வரும். முள் 500இல் நின்றால் மூன்று நிமிடம்தான். மூன்றாவது மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் கீழே வருவதற்குள் தீர்ந்துவிடும். வகுப்பில் இது ஒரு சூத்திரம். ஒரு முறை காலி சிலிண்டரோடு படியேறியவர் அதன் பிறகு சரிபார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார்.

ஆனால் எல்லா ஸ்குவாடும் ஒன்றல்ல. ஆண்டுக்கு எத்தனை அழைப்புகள் என்று கேளுங்கள். ஒரே வண்டி 1,500 அழைப்புகளுக்குப் போகிறது என்றால் 12 மணி நேர ஷிஃப்டுக்குச் சராசரியாக இரண்டு. ஐந்தாறு ஷிஃப்டில் பத்து நோயாளிகளைப் பார்த்துவிடலாம். 300தான் என்றால் ஷிஃப்டுக்கு அரை அழைப்புகூட இல்லை. வாரம் ஒரு ஷிஃப்ட் போனால் பத்து பேரைப் பார்க்க ஆறு மாதம் பிடிக்கும். வழியிலேயே ரத்தாகும் அழைப்புகளையும், ஆஸ்பத்திரிக்கு வர மறுப்பவர்களையும் கழித்தால் இன்னும் குறையும். அத்தகைய ஊரில் இருப்பவருக்குக் காலேஜே மேல். காலேஜ் வகுப்புகள் பெரிய ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் நேரம் ஒதுக்கித் தருவதுண்டு.

மூன்று வார வகுப்புக்கு ஒரே பலம் வேகம். வேலைக்கோ மேற்படிப்புக்கோ குறிப்பிட்ட தேதிக்குள் உரிமம் தேவைப்படுபவருக்கு அது சரி. சேரும்முன் உங்கள் மாநிலத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு வாரப் பாடம் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். படிப்பு முடிந்ததும் தேர்வைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது. ஆனால் வேகமாகப் படித்தது வேகமாக மறக்கும்.

ஸ்குவாடைத் தேர்ந்தெடுத்தால், தாமதம் வகுப்பில் அல்ல, அதற்கு முந்தைய காகித வேலைகளில்தான் ஏற்படும். குற்றப் பின்னணிச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, காசநோய்ச் சோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாம் வேண்டும். வழக்கமான மூன்று தவணைத் தடுப்பூசிக்கு ஆறு மாதம் ஆகும் என்பதால் முதல் ஊசியை விண்ணப்பிக்கும் வாரமே போட்டுக்கொள்ளுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆரில், சுகாதாரப் பணியாளர்களுக்கான அட்டையை எடுத்து வையுங்கள். பொதுமக்களுக்கான அட்டையைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா இணையத்தில் இலவசமாகத் தரும் ஐ.எஸ்.100, ஐ.எஸ்.700 என்ற அவசரநிலை நிர்வாகப் பாடங்களைப் பல ஸ்குவாடுகள் கேட்கும். காத்திருக்கும் நாட்களில் முடித்துவிடலாம். வகுப்பு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் தொடங்கும். ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை விசாவிலோ அதைச் சார்ந்த விசாவிலோ இருப்பவர்கள், ஸ்குவாட் படித்தொகையோ ஓய்வூதியப் பலனோ தருகிறதா என்று கேட்டு, ஆம் என்றால், அது ஊதியமாகக் கருதப்படலாம் என்பதால், கையெழுத்திடும்முன் ஒப்பந்தத்தைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.