மாணவர்கள் நடத்தும் கொள்கை இதழ்: படிக்கலாமா?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை கற்றுத்தரும் கென்னடி பள்ளியின் முதுநிலை மாணவர்கள் நடத்தும் ப்ரோக்ரசிவ் பாலிசி ரிவ்யூ என்ற இதழை இப்போது கொஞ்ச நாளாகப் படிக்கிறேன். இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம், அதுவே பாதி நிம்மதி, ஏனென்றால் பெரிய ஆய்விதழ்களில் ஒரு கட்டுரைக்குக் கேட்கிற விலையில் ஒரு வாரத்துக்கு மளிகையே வாங்கிவிடலாம்.

ப்ரோக்ரசிவ், அதாவது முற்போக்கு என்று பெயரிலேயே சாய்வைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, நடுநிலை வேஷம் இல்லை. ஆனால் சாய்வு இருந்தால் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்திய அரசின் தொகை 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான், பள்ளி இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ 2023 முதல் 15 டாலர். இதைக் கோபமாக எழுதுவது சுலபம். கூட்டினால் சிறு கடைக்காரர் என்ன செய்வார், வேலை நேரத்தைக் குறைப்பாரா என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது கொள்கைக் கட்டுரை. இல்லையென்றால் மேடைப் பேச்சு. நான் முதலில் அடிக்குறிப்புக்குத்தான் போவேன், மூல அறிக்கைக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க.

மாணவர் இதழ் என்றாலே ஒரு சிக்கல் உண்டு. முதுநிலைப் படிப்பே ஒன்றிரண்டு வருஷம்தான், ஆசிரியர் குழு கைபழகுவதற்குள் பட்டம் வாங்கிக் கிளம்பிவிடும், அதனால் தரம் ஏறி இறங்கும். அப்புறம் அந்த முடிவுரைகள்! "அரசு உடனடியாகச் செயல்பட வேண்டும்" என்கிற தொனி. எந்தத் துறை, எந்தப் பணத்தில் என்று யாராவது கேட்டுத் திருத்தியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.